ஊதாங்குழலும் உருளைக்கிழங்கும்

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஆயா வீட்டில் கேஸ் வந்து பல வருஷம் ஆகிறது. ஆனாலும் பின்கட்டில் விறகடுப்பு இருக்கிறது, அதன் பக்கத்தில் ஓரடி நீளத்துக்கு ஓர் இரும்பு ஊதாங்குழலும் கிடக்கிறது. அமுங்கிய காற்று என்ன செய்யும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் குழல்தான்.

பச்சை உருளைக்கிழங்கில் குழலின் ஒரு முனையைக் குத்தித் திருகி எடுத்தால், வாயில் ஒரு துண்டு கச்சிதமாக அடைத்துக்கொள்ளும். மறுமுனையிலும் அப்படியே செய்துவிட்டால் நடுவில் இருக்கிற காற்று சிறைப்பட்டுவிடும். இப்போது உள்ளே நுழைகிற குச்சி ஒன்றால் பின்துண்டை வேகமாகத் தள்ளினால், பாதி தூரம் போவதற்குள் முன்துண்டு ‘டப்’பென்று தெறித்து முற்றத்துக்கு அந்தப் பக்கம் போய் விழும். குச்சி அதைத் தொடவே இல்லை.

1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி இதுதான்: வெப்பநிலை மாறாமல் காற்றைப் பாதி இடத்துக்குள் அடைத்தால் அதன் அழுத்தம் இரண்டு மடங்காகும். குழலின் உள்விட்டம் ஒன்றரை சென்டிமீட்டர் என்று வையுங்கள். காற்று பாதியாகச் சுருங்கும்போது முன்துண்டின் முதுகில் கிட்டத்தட்ட 1.8 கிலோ எடை அழுத்துகிற மாதிரி இருக்கும். கிழங்கின் பிடி அதுவரை தாங்குவதே பெரிய விஷயம், பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே விட்டுவிடும். மெதுவாகத் தள்ளினால் காற்று ஓரமாகக் கசிந்து, துண்டு சோம்பேறித்தனமாக வழுக்கிக்கொண்டு வெளியே வரும்.

இதையே பெரிதாக்கினால் அதுதான் அமெரிக்காவில் பொழுதுபோக்காகக் கட்டுகிற உருளைக்கிழங்கு பீரங்கி. குச்சிக்குப் பதில் ஒரு காற்றறை, அதை நிரப்ப ஒரு பம்பு, நடுவில் ஒரு வால்வு, அப்புறம் நீளமான குழாய். எரிகிற ஸ்பிரேயை உள்ளே அடித்துப் பற்றவைக்கிற வகையும் உண்டு. அந்தப் பக்கமே நான் போகவில்லை.

கணக்கு எளிதுதான். 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் 5 சென்டிமீட்டர் நீளக் கிழங்குத் துண்டு சுமார் 68 கிராம் இருக்கும். அதன் பின்னால் 15 பவுண்டு காற்று, அதாவது கார் டயரில் அடிப்பதில் பாதி. தள்ளுகிற விசை 13 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஒரு மீட்டர் தூரம் இந்த விசை குறையாமல் தள்ளினால் மணிக்கு 220 கிலோமீட்டர் வேகம் வர வேண்டும். நிஜத்தில் உராய்வு ஒரு பங்கைத் தின்னும், காற்று விரிய விரிய அழுத்தமும் குறையும். பாதி போனாலும் 110 மிச்சம். சின்னத் துண்டுதானே என்று யாரும் குழாய்க்கு எதிரே நின்றுவிடக் கூடாது.

அழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும் என்றுதான் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். என் அம்மான் மகனும் அப்படித்தான் நினைத்தான். ஆனால் விஷயம் வால்வில் இருக்கிறது. கிழங்கு குழாயை விட்டுப் போக ஆகிற நேரம் ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்குதான். தண்ணீர்க் குழாயில் போடுகிற, உள்ளே உருண்டை திரும்பித் திறக்கிற பால் வால்வை (ball valve) நீங்கள் எவ்வளவு வேகமாகத் திருப்பினாலும் கால் நொடி ஆகும். கைப்பிடி முழுசாகத் திரும்புவதற்குள் கிழங்கு வெளியே போய்விடுகிறது. மிச்சக் காற்று வெறுங்குழாயில் ‘புஸ்’ஸென்று வீணாகிறது.

கையைவிட வேகமான வால்வு நம் வீட்டிலேயே இருக்கிறது. வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் விடுகிற வால்வும், தோட்டத்துத் தெளிப்பானில் இருக்கிற வால்வும் ஒரே தத்துவம். எங்கள் ஊர் வீடுகளின் முகப்புக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்தன்று வெளியிலிருந்து பத்துப் பேர் தள்ளுகிறார்கள், உள்ளே பதினைந்து பேர் முதுகைக் கொடுத்துக் கதவை மூடிப் பிடித்திருக்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் சட்டென்று விலகிவிட்டால் கதவைத் திறக்க ஆள் வேண்டாம், வெளியே தள்ளுகிறவர்களே திறந்துவிடுவார்கள். வால்வில் கதவுக்குப் பதில் ஒரு ரப்பர் சவ்வு. அதன் முன்னாலும் பின்னாலும் ஒரே அழுத்தம்தான். ஆனால் பின்பக்கப் பரப்பு அதிகம், அதனால் மூடியே இருக்கும். பின்பக்கக் காற்றை மட்டும் ஒரு சின்னத் துளை வழியே திறந்துவிட்டால், அறையில் இருக்கிற காற்றே சவ்வைப் பின்னால் அறைந்து வழியைத் திறந்துவிடும். நம் கை செய்வது அந்தச் சின்னத் துளையைத் திறப்பது மட்டும்தான். பீரங்கியில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், மற்றதெல்லாம் குழாய் வேலை.

அந்தக் குழாய் வேலையில்தான் ஆபத்தும் இருக்கிறது.

அம்மான் மகன் போர்வெல்லுக்கு வாங்கி மிஞ்சிய பிவிசி பைப்பில் தன் பீரங்கிக்குக் காற்றறையைச் செய்தான். முனையில் மூடியை வைத்துப் பேஸ்ட் போட்டு ஒட்டினான். பைப்பின் மேலேயே 6 கிலோ என்று அச்சடித்திருந்தது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ தாங்கும் என்று அர்த்தம். “பஞ்சர் கடையில 60 பவுண்டுதானே வைக்கிறேன், 4 கிலோ சொச்சம்தான் வருது” என்பது அவன் வாதம். கணக்கு தப்பில்லை. ஆனால் அந்த 6 என்பது 27 டிகிரி வெப்பத்தில், தண்ணீருக்குச் சொன்னது. 43 டிகிரியில் பிவிசியின் பலம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். சித்திரை வெயிலில் முற்றத்துச் சிமென்டுத் தரையில் கிடந்த பைப் அதைவிடச் சூடாகத்தான் இருந்திருக்கும்.

காற்றுக்கும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் பெரிது. 4 லிட்டர் அறையில் 60 பவுண்டு அழுத்தத்தில் தண்ணீர் இருந்தால், அதில் சேர்ந்திருக்கிற ஆற்றல் ஒரு ஜூலில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறாது. தண்ணீரைச் சுருக்கவே முடியாது என்று சொல்லலாம், அதனால் பைப் வெடித்தாலும் கொஞ்சம் பீய்ச்சிவிட்டு நின்றுவிடும். அதே இடத்தில் காற்று இருந்தால் சுமார் 1,600 ஜூல். கேஸ் நிரம்பிய சமையல் சிலிண்டர் பதினெட்டு அடி உயரத்திலிருந்து விழுகிற ஆற்றல் அது. பிவிசி உடையும்போது ரப்பர் மாதிரி கிழியாது, கண்ணாடி மாதிரிச் சில்லுகளாகப் பறக்கும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, தரைக்கு மேல் அமுங்கிய காற்றைக் கொண்டுபோகப் பிவிசி குழாய் வேண்டாம் என்று 1988இலேயே எச்சரித்துவிட்டது.

அன்றைக்கு பைப் உடையவில்லை. மூடி மட்டும் கழன்று திண்ணைத் தூணில் மோதித் திரும்பி வந்து விழுந்தது. பின்னால் யாரும் நிற்கவில்லை. தூணில் பெயர்ந்த காரையை ஆயா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “ஏண்டா, கெழங்கத் திங்கத்தான வாங்குறோம்” என்றாள். பைப் அன்றே மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டது. கட்டியே ஆக வேண்டும் என்கிறவர்கள், காற்றுக்கென்றே தயாரித்த கம்ப்ரசரின் இரும்புத் தொட்டியை, அதில் இருக்கிற பாதுகாப்பு வால்வைக் கழற்றாமல் பயன்படுத்த வேண்டும். ஒட்டுப்போட்ட பிவிசிக்கு இதில் இடமே இல்லை.

ஊதாங்குழல் மட்டும் இன்னும் எங்கள் கையில்தான் இருக்கிறது. கிழங்கு புதிதாக இருக்க வேண்டும். வாடிச் சுருங்கியதில் நீர் வற்றியிருக்கும், காற்றை அடைக்காது. ஊட்டிக் கிழங்கு நன்றாகப் பிடிக்கும், அதன் சாறே ஓரத்தை அடைக்கிறது, வழுக்கவும் வைக்கிறது. முன்துண்டு பறந்த அதே நொடியில் குழலை முற்றத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வாயைப் பாருங்கள். சில நாள் மெல்லிய புகை மாதிரி ஒன்று தெரியும். அது புகையில்லை. சட்டென்று விரிந்த காற்று குளிர்ந்து, அதிலிருந்த ஈரம் பனியாகி நிற்கிறது. கோலி சோடாவை உடைத்ததும் கழுத்தில் தெரிகிற அதே மூட்டம்தான். நீங்கள் பார்த்து முடிப்பதற்குள் கலைந்துவிடும்.