பூஜ்யமும் வேண்டாம், ஒன்றரை மடங்கும் வேண்டாம்

சென்ற தீபாவளி ஆர்டர் நேரத்தில் இளம்பிள்ளையிலிருந்து ஒரு சேலை டிசைனர் தன் கணினியைத் தூக்கிக்கொண்டு சேலம் ஐந்து ரோட்டில் உள்ள எங்கள் கணினிக் கடைக்கு வந்தார். முந்தானை டிசைன் ஒன்றை இரவெல்லாம் கட்டம் கட்டமாக வரைந்திருக்கிறார். டிசைனைத் தறிக்குச் சொல்லும் ஜக்கார்டு அட்டை அடிக்கக் கொடுக்க வேண்டிய விடியற்காலையில் மென்பொருள் தானாக மூடிக்கொண்டுவிட்டது. கடைசியாகச் சேமித்தது இரவு ஒன்பது மணிக்கு. மெமரி போதவில்லை என்று திரையில் ஒரு செய்தி மட்டும் வந்ததாம்.

"அண்ணா, எட்டு ஜிபி ரேம் இருக்கிறது. அதில் எழுபது சதவீதம்தான் ஓடுகிறது. பிறகு எப்படிப் போதவில்லை என்கிறது?" என்று கேட்டார். கண்கள் சிவந்திருந்தன.

ரேமுக்குத் துணையாக டிஸ்கில் இடம் ஒதுக்கும் விர்ச்சுவல் மெமரி அமைப்பைத் திறந்து பார்த்தேன். "நோ பேஜிங் ஃபைல்", அதாவது அந்த இடமே வேண்டாம் என்று குறித்திருந்தது. அடிக்கடி எழுதினால் எஸ்எஸ்டி டிஸ்க் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவரே நிறுத்தியிருக்கிறார். வீட்டு உபயோகத்தில் அந்தப் பயமே தேவையில்லை. இதனால் எஸ்எஸ்டி தேய்ந்துபோன வீட்டுக் கணினி ஒன்றுகூட என் கைக்கு வந்ததில்லை. பேஜிங் ஃபைலை நிறுத்தியதால் வேலையை இழந்து வந்தவர்கள் பலர்.

செவ்வாய்ப்பேட்டை மண்டிக் கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முன்கடையில் அன்றாடம் ஓடும் சரக்கு இருக்கும்; அது ரேம். மெதுவாக நகரும் மூட்டைகள் பின்னால் கிடங்கில் கிடக்கும். அது விர்ச்சுவல் மெமரி, சி டிரைவில் மறைந்திருக்கும் பேஜ்ஃபைல். வியாபாரிகள் இடத்தை முன்கூட்டியே கேட்டு வைப்பார்கள். கடையும் கிடங்கும் சேர்ந்து எவ்வளவு கொள்ளுமோ அதுவரைதான் முதலாளி ஒப்புக்கொள்வார். மூட்டை இன்னும் வந்திறங்கவில்லை என்பதற்காகச் சொன்ன இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டார். விண்டோஸும் அப்படித்தான். அந்த டிசைன் மென்பொருள் கேட்டு வைத்த இடம் அதிகம், நிரப்பியது குறைவு. கிடங்கைப் பூட்டிவிட்டதால், முன்கடையில் இடம் காலியாகத் தெரிந்தும் அடுத்த கோரிக்கையை ஏற்க முடியவில்லை.

இந்தக் கணக்கை நீங்களே பார்க்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. "கமிட்டட்" என்ற இடத்தில் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் ஒப்புக்கொண்ட இடம், இரண்டாவது எண் மொத்த எல்லை. அவருடைய கணினியில் அதே டிசைனைத் திறந்தபோது 7.7, 7.9 என்று நின்றது. எல்லோரும் பார்ப்பது ரேம் சதவீதத்தை. பார்க்க வேண்டியது இந்த இரண்டு எண்களை.

அன்று பேஜ்ஃபைல் அளவை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்படி அதன் நிர்வாகத்துக்கே மாற்றிவிட்டு, வேலை மிக அதிகமாக இருக்கும் ஓர் இரவில் அந்த முதல் எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று அனுப்பினேன்.

பேஜ்ஃபைலை எவ்வளவு வைப்பது என்று கேட்பவர்களில் பாதிப்பேர் ரேமைப் போல ஒன்றரை மடங்கு என்று அவர்களே பதிலும் சொல்லிவிடுகிறார்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், 256, 512 எம்பி ரேம் இருந்த கணினிகளில், விண்டோஸே அப்படித்தான் தொடக்க அளவை வைத்துக்கொண்டது. இன்று 32 ஜிபி ரேம் உள்ளவர் 48 ஜிபியை ஒதுக்கி என்ன செய்யப்போகிறார்? ரேம் கூடக் கூடக் கிடங்கின் தேவை குறைகிறது. ஒன்றரை மடங்கு என்ற கணக்கு அதைத் தலைகீழாகச் சொல்கிறது.

பெரிதாக வைத்தால் வேகம் கூடும் என்பதும் தவறு. ஏற்காட்டில் ஒரு காபித் தோட்ட வீட்டுக் கணினி. 4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க். வேகம் வரும் என்று பேஜ்ஃபைலை 16 ஜிபி ஆக்கியிருந்தார்கள். பிரவுசரைத் திறந்தால் டிஸ்க் நூறு சதவீதத்தில் நின்றது. அது கரகரக்கும் சத்தம் அடுத்த அறை வரை கேட்டது. ரேமிலிருந்து ஒரு தகவலை எடுப்பதைவிட ஹார்டு டிஸ்கில் தேடி எடுப்பதற்குச் சுமார் லட்சம் மடங்கு நேரமாகும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கிடங்குக்கு ஓடினால் கடை நடக்குமா? இன்னொரு 4 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் போட்டுக் கொடுத்தேன், பேஜ்ஃபைலைத் தானியங்கிக்கே மாற்றினேன். பிரச்சினை தீர்ந்தது. ஆனால் 32 பிட் விண்டோஸ் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ரேம் வாங்குவது வீண். வாங்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

பெரும்பாலான வீடுகளுக்கு விண்டோஸ் நிர்வாகமே போதும். சி டிரைவில் பத்துப் பதினைந்து ஜிபியாவது காலியாக விட்டால் சரி. டிரைவ் நிரம்பியிருந்தால் பேஜ்ஃபைல் வளர இடமிருக்காது. எஸ்எஸ்டியில் இடம் மிச்சப்படுத்த அதை ஹார்டு டிஸ்குக்கு மாற்றாதீர்கள்.

இளம்பிள்ளைக்காரர் ஒரு வாரம் கழித்து இரவு பதினொன்றரைக்கு அழைத்தார். "அண்ணா, பதிமூன்று காட்டுகிறது." அதிலிருந்து ரேம் எட்டைக் கழித்தால் ஐந்து. வேலை நடுவில் பேஜ்ஃபைல் வளர்ந்துகொண்டிருக்கக் கூடாது என்பதால், தொடக்க அளவு 5120, அதிகபட்சம் அதன் இரு மடங்கு 10240 என்று போடச் சொன்னேன். இந்தப் பெட்டிகளில் எம்பியில்தான் எழுத வேண்டும். ஒரு ஜிபிக்கு 1024. பதினாறு ஜிபி என்று நினைத்து வெறும் 16 என்று எழுதி, எச்சரிக்கையையும் படிக்காமல் தாண்டியவரைப் பார்த்திருக்கிறேன். எண்ணை எழுதியதும் "செட்" பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாமல் ஓகே கொடுத்தால் எதுவும் மாறாது. அவரும் முதலில் அதை அழுத்தவில்லை. தொலைபேசியிலேயே இரண்டு முறை செய்ய வைத்தேன்.

பொங்கலுக்குப் பிறகு இன்னொரு எட்டு ஜிபி ரேம் வாங்கிப் போட்டுக்கொண்டார். அன்றே அந்த எண்களை அழித்துவிட்டு, மறுபடியும் விண்டோஸ் பொறுப்பில் விட்டேன்.