தேமோஸ்ரற் என்ற வெப்பநிலைநிறுத்தி

கொட்பேப் பக்கம் மீன் வியாபாரம் செய்கிற அண்ணன் ஒருவர் போன வாரம், பிரிட்ஜ் திருத்துகிற என் கடைக்கு வந்தார். "தம்பி, தேமோஸ்ரற் புதுசா மாத்தினது. பெட்டி ஓடுது, ஆனா மீன் இளகுது" என்றார். போய்ப் பார்த்தேன். ஓடி நின்ற கொம்பிறசர், அதாவது பெட்டியைக் குளிராக்குகிற மோட்டார், மறுபடி தொடங்க வெகுநேரம் எடுத்தது. மேலே கிடந்த சூரை மீனின் வயிற்றில் விரல் வைத்தால் அமுங்கியது. முதலில் வேலை செய்தவர், வீட்டுப் பிரிட்ஜுக்குரிய தேமோஸ்ரற்றை டீப் பிறீசருக்குப் போட்டிருந்தார்.

திருகோணமலையில் நாள் முழுக்க நாம் வாயில் வைத்திருக்கிற சொல் இது. அதன் பொருளைத் தெரிந்துகொண்டால் இப்படியான பிழைகள் பாதி குறையும் என்பது என் நம்பிக்கை.

தேமோஸ்ரற், தமிழ்நாட்டு எழுத்தில் தெர்மோஸ்டாட், இரண்டு கிரேக்கச் சொற்களால் ஆனது. 'தெர்மோஸ்' என்றால் சூடானது. 'ஸ்டாட்டோஸ்' என்றால் நிற்பது. தேத்தண்ணி கொண்டுபோகும் தேமோஸ் பிளாஸ்க்கிலும் இருப்பது அந்த முதற்பாதிதான். ஸ்கொட்லாந்து இரசாயனவியலாளர் அன்ட்ரூ யூர் 1830இல் ஈருலோகப் பட்டையால், அதாவது இரண்டு உலோகத்தை ஒட்டிய பட்டையால், ஆன கருவிக்குக் காப்புரிமை எடுத்தபோது வைத்த பெயர் இது. வீட்டுப் பிரிட்ஜ் என்ற பொருளே அப்போது கிடையாது.

தமிழில் வெப்பநிலைநிறுத்தி என்றும் வெப்பநிலைக் கட்டுப்படுத்தி என்றும் எழுதுகிறோம். இரண்டும் சரி. எனக்குப் பிடித்தது முதலாவது. 'நிறுத்து' என்பதற்கு நம் பேச்சில் இரண்டு வேலை உண்டு. பஸ்ஸை நிறுத்து என்றால் ஓட்டத்தை முடி. பந்தல்காலை நிறுத்து என்றால் விழாமல் நிற்க வை. கிரேக்கச் சொல்லில் இருப்பது இந்தப் பந்தல்கால் நிறுத்தம். கருவி செய்வதோ இரண்டையும்: கொம்பிறசரை நிறுத்தி, வெப்பநிலையை நிற்க வைக்கிறது.

'வெப்பநிலை' என்ற பகுதியில்தான் பலருக்கும் குழப்பம். "குளிர்ப் பெட்டிக்குள்ள வெப்பம் எங்க வந்தது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போனவர்களுக்கு இதை லேசாகச் சொல்லலாம். அங்கே ஏழு கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. ஒரு கிணற்றில் ஒரு வாளி அள்ளினால், அள்ளிய கணத்தில் வாளித் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் ஒரே வெப்பநிலை. ஆனால் கிணற்றில் இருக்கிற வெப்பம் வாளியில் இல்லை. வெப்பம் என்பது அளவு, வெப்பநிலை என்பது படி. ஐஸுக்கும் அந்தப் படி உண்டு, பூச்சியத்துக்குக் கீழேயும் உண்டு. அதனால் 'குளிர்நிறுத்தி' என்று தனிப்பெயர் தேவையில்லை. அயன்பெட்டிக்குள் இருப்பதும் இதே இனம்தானே.

பிரிட்ஜ் குமிழில் உள்ள 1, 2, 3 எல்லாம் பாகை அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பெட்டிகளில் எண் கூடினால் குளிர் கூடும்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? ஒரு மெல்லிய செப்புக் குழாய், அதற்குள் அடைத்த வாயு. குழாயின் நுனி குளிர்த்தகட்டோடு ஒட்டியிருக்கும். மறுமுனையில் சின்னத் துருத்தி, கொல்லன் பட்டறைத் துருத்தியின் பேரப்பிள்ளை போல. தகடு சூடேற வாயுவின் அழுத்தம் கூடும், துருத்தி விரியும், தொடுகை மூடும், கொம்பிறசருக்குக் கரண்ட் பாயும். தகடு குளிர்ந்தால் துருத்தி சுருங்கி 'டிக்' என்று கட் ஆகும். நுனியை டீப் பிறீசருக்குள் வைத்து நன்றாகக் குளிரவிட்டு, பிறகு கைக்குள் பொத்திப் பிடித்தால் மறுபடி 'டிக்' கேட்கும். புதுச் சாமானைப் பூட்டுமுன் நான் செய்கிற முதற் சோதனை அது. உணர்கிற வேலை முழுவதும் அந்த நுனியில்தான். அதற்கு 'உணரி' என்பது அருமையான சொல்.

ஆகவே பூட்டும்போது பிளக்கைக் கழற்றிவிட்டு, உணரியை அதற்குரிய குழிக்குள் கடைசிவரை தள்ள வேண்டும். காற்றில் தொங்கினால் அது மூடியைத் திறக்கும்போது வருகிற சூட்டையே உணரும். மிச்சக் குழாயை அகலமான வளையமாகச் சுருட்டலாம், ஆனால் முறிய மடிக்கக் கூடாது. வெடித்து வாயு போனால் துருத்தி சுருங்கியே கிடக்கும், கொம்பிறசர் தொடங்கவே தொடங்காது. டிஜிட்டல் வகையில் துருத்தி இல்லை, தடையை அளந்து வெப்பநிலை பார்க்கிற கம்பி. அதில் கொம்பிறசர் நின்று மறுபடி தொடங்குகிற தாமதத்தைச் சுமார் 3 நிமிடம் வையுங்கள். நின்ற உடனே ஓடவிட்டால் குழாய்களின் அழுத்தம் சமனாகுமுன் கொம்பிறசர் திணறும்.

அப்புறம் அண்ணனின் பெட்டி. வீட்டுப் பிரிட்ஜுக்குரிய பல தேமோஸ்ரற், தகடு பூச்சியத்துக்கு மேல் நாலு பாகை அளவுக்கு ஏறி, பனி உருகின பிறகே மீண்டும் கரண்டை விடும். பிரிட்ஜுக்கு அது நல்லது. உறைமீனை வைக்க வேண்டியதோ பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியஸில். அவருடைய சூரை ஒவ்வொரு சுற்றிலும் இளகி இளகி உறைந்திருக்கிறது. கருவி வெப்பநிலையைச் சரியாகத்தான் நிறுத்தியது, வேறொரு பெட்டிக்குரிய படியில்.

டீப் பிறீசருக்குரியதை மாற்றினேன். பில்லில் 'வெப்பநிலைநிறுத்தி, உறைபெட்டி வகை' என்று எழுதினேன். அவர் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "அப்ப முந்திப் போட்டது என்ன வகை?" என்று கேட்டார்.