'பட்டது' என்று முடிந்தாலே செயப்பாட்டுவினையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை நேரத்தில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பெரும்பாலும் தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த தோட்டத்துப் பிள்ளைகள். வருடா வருடம் அவர்கள் கட்டுரைகளில் தவறாமல் வரும் வாக்கியம் ஒன்று: 'தி ஆக்சிடெண்ட் வாஸ் ஹேப்பண்ட்.'

முன்பெல்லாம் அந்த 'வாஸ்'ஐச் சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். ஒருநாள் படிவம் நான்கு (பத்தாம் வகுப்பு) மாணவி ஒருத்தி நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "டீச்சர், விபத்து ஏற்பட்டதுன்னுதானே சொல்றோம்? பட்டது வந்தா பாசிவ்னு நீங்கதானே சொன்னீங்க?"

நான் சொன்னதுதான். அந்தச் சுருக்குவழி தவறு என்று அன்றுதான் உறைத்தது.

இப்போது இப்படிச் சொல்லித் தருகிறேன். 'பட்டது' என்பதை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பார். 'மரம் வெட்டப்பட்டது' என்றால் 'வெட்ட' மிஞ்சுகிறது. கடிதம் அனுப்பப்பட்டது என்றால் 'அனுப்ப'. வெட்ட, அனுப்ப, எழுத என்று வினை மிஞ்சினால் அது செயப்பாட்டுவினை, அதாவது பாசிவ். யாரோ ஒருவர் செய்திருக்கிறார், ஆங்கிலத்தில் 'வாஸ்' வரும். 'ஏற்பட்டது', 'புறப்பட்டது', 'கஷ்டப்பட்டார்' ஆகியவற்றில் அப்படி எதுவும் மிஞ்சாது. பஸ் தானாகப் புறப்பட்டது, யாராலும் 'புறப்படப்படவில்லை'. ஆகவே 'தி பஸ் லெஃப்ட்', அவ்வளவுதான்.

தலைகீழான பிழையும் உண்டு. 'பிறந்தேன்' என்பதில் பட்டது இல்லை, அதனால் 'ஐ பார்ன் இன் ஈப்போ' என்று எழுதுகிறார்கள். தாய் பெற்றாள், நான் பெறப்பட்டேன் என்பதுதான் ஆங்கிலத்தின் கணக்கு. 'வாஸ்' கட்டாயம் வேண்டும்.

சொற்களில் நம்மைக் குழப்புவது பெரும்பாலும் மலாய். பேச்சில் இரவல் வாங்கவும் கொடுக்கவும் 'பிஞ்சாம்' ஒன்றே போதும் என்பதால் 'கேன் யூ பாரோ மீ யுவர் பென்' என்று கேட்கிறார்கள். இங்கே தமிழே கைகொடுக்கும்: இரவல் வாங்கினால் பாரோ, கொடுத்தால் லெண்ட். 'ஹந்தார்' என்பதும் அப்படித்தான்: அனுப்புவதற்கும் கொண்டுபோய் விடுவதற்கும் மலாயில் அந்த ஒரே சொல். மோட்டாரில் ஏற்றிப்போய்ப் பள்ளி வாசலில் இறக்கிவிட்ட அப்பாவை, 'மை ஃபாதர் செண்ட் மீ டு ஸ்கூல்' என்று எழுதினால், வெளிநாட்டில் அதை வாசிப்பவர், அப்பா வீட்டிலேயே இருந்துகொண்டு பிள்ளையை அனுப்பினார் என்று நினைப்பார். தமிழில் 'அனுப்பினார்', 'கொண்டுபோய் விட்டார்' என்று நாம் தெளிவாகப் பிரித்துத்தானே பேசுகிறோம்? 'கொண்டுபோய் விட்டார்' என்றால் 'டுக்' அல்லது 'டிராப்ட்'.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிழை வந்தால் "இதுகூடத் தெரியாதா" என்று திட்டாதீர்கள். தமிழில் எப்படிச் சொல்வாய் என்று கேளுங்கள். அப்புறம், பயிற்சிக்குப் புத்தகம் வாங்கவேண்டும் என்பதில்லை. வீட்டுக்கு வரும் தமிழ்ப் பத்திரிகையில் ஒரு பக்கத்தை எடுத்து, 'பட்டது' என்று முடியும் சொற்களையெல்லாம் பிள்ளையைக் கோடிடச் சொல்லுங்கள். எதில் வினை மிஞ்சுகிறது, எதில் மிஞ்சவில்லை என்று இரண்டாகப் பிரிக்கட்டும். அந்த மாணவி முதல் பக்கத்திலேயே பதினோரு சொற்களைக் கோடிட்டுக் கொண்டுவந்தாள். அதில் 'தேவைப்பட்டது' எந்தப் பக்கம் என்று வகுப்பே அரைமணி நேரம் வாதாடியது.