தூக்கத்தைக் கெடுத்த பகல்

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அடுத்த சில வாரங்களில் நாடு நாடாக மருத்துவக் கல்லூரிகள் மூடப்பட்டன. விடிந்ததும் விடியாததுமாக வார்டுக்கு ஓடிக்கொண்டிருந்த மாணவர்கள், வீட்டில் மடிக்கணினி முன் உட்கார்ந்து பாடம் கேட்க ஆரம்பித்தார்கள். பயணம் இல்லை, ரவுண்ட்ஸ் இல்லை, இரவு முழுக்க விழித்திருக்கும் போஸ்டிங் இல்லை. சரி, இனியாவது பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குவார்கள் என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள்.

மணிக்கணக்கில் பார்த்தால் அப்படித்தான் நடந்தது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தூக்க ஆய்வாளர் கென்னத் ரைட்டின் குழு 139 மாணவர்களிடம் ஊரடங்குக்கு முன்பும் பின்பும் கணக்கெடுத்தது. வார நாட்களில் தூக்கத்துக்கு ஒதுக்கிய நேரம் சராசரியாக அரை மணி கூடியிருந்தது. ஆனால் தூங்கும் வேளை சுமார் 50 நிமிடம் பின்னால் போயிருந்தது. ஆஸ்திரியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து மக்கள் 435 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்விலும் தூக்க நேரம் கூடியிருந்தது, ஆனால் தூக்கத்தின் தரம் சற்றுக் குறைந்திருந்தது. இவர்கள் மருத்துவ மாணவர்கள் இல்லைதான். ஆனால் மருத்துவ மாணவர்களைப் பற்றிப் பல நாடுகளிலிருந்து வந்த கணக்கெடுப்புகளும் மோசமான தூக்கத்தையும், கூடவே பதற்றத்தையும் மனச்சோர்வையும்தான் பேசின.

மணி கூடியும் தரம் எப்படிக் குறையும்?

இந்த ஆய்வுகளில் அதிகம் பயன்படுவது தூக்கத்தின் தரத்தை மதிப்பிட 1989இல் வெளியான பிட்ஸ்பர்க் அளவுகோல். 19 கேள்விகள், அவற்றிலிருந்து ஏழு கூறுகள், மொத்தம் 21 மதிப்பெண். 5ஐத் தாண்டினால் தூக்கம் சரியில்லை என்று பொருள். எத்தனை மணி தூங்கினீர்கள் என்பது அந்த ஏழில் ஒன்று மட்டுமே. படுத்து எவ்வளவு நேரத்தில் தூக்கம் வருகிறது, இடையில் எத்தனை முறை விழிக்கிறீர்கள், மாத்திரை போடுகிறீர்களா, பகலில் சோர்ந்து விழுகிறீர்களா என்பதெல்லாம் மற்றவை. படுக்கையில் இருந்த நேரத்தில் எவ்வளவு உண்மையில் தூங்கினீர்கள் என்பதும் ஒரு கூறு. முன்பு ஏழரை மணி நேரம் படுத்து ஆறரை மணி நேரம் தூங்கிய மாணவிக்கு அந்த விகிதம் 87 சதவீதம். ஊரடங்கில் அவள் ஒன்பதரை மணி நேரம் படுத்து ஏழு மணி நேரம் தூங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அரை மணி லாபம்தான், ஆனால் விகிதம் 74ஆக இறங்கிவிட்டது. மீதி இரண்டரை மணி நேரம் அவள் இருட்டில் புரண்டுகொண்டிருக்கிறாள். அவள் மனநிலையைப் புரிந்துகொள்ள இந்த இரண்டரை மணி நேரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

தூக்கத்தை இரண்டு விசைகள் சேர்ந்து நடத்துகின்றன என்ற விளக்கத்தை 1982இல் தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி முன்வைத்தார். இன்றுவரை அதற்குப் பெரிய மாற்று வரவில்லை. முதல் விசை தூக்க அழுத்தம். விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது, தூங்கும்போது வடிகிறது. காபி செய்வதெல்லாம் அந்த அடினோசின் போய் உட்காரும் இடத்தை மறித்துக்கொள்வதுதான். சேர்ந்தது அங்கேயே இருக்கும், உணர்வுதான் மழுங்கும். உடலில் போன காஃபினில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் போல ஆகும். ஆன்லைன் வகுப்பை ஓடவிட்டு மாலையில் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டால், இரவுக்கென்று சேர்த்த அழுத்தத்தில் ஒரு பங்கு அப்போதே செலவாகிவிடும்.

இரண்டாவது விசை உடற்கடிகாரம். என் கணக்கில் ஊரடங்கின் கதை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. மூளையின் அடிப்பக்கத்தில் இருக்கும் ஹைப்போதலாமஸில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அது. ஆனால் அது சரியாக 24 மணி நேரத்தில் ஓடுவதில்லை. சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. எனவே தினமும் யாராவது அதைத் திருத்தி வைக்க வேண்டும். அந்த வேலையை முக்கியமாகச் செய்வது காலை வெளிச்சம். விழித்திரையில், பார்ப்பதற்கென்று இல்லாமல் வெளிச்சத்தை அளப்பதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட அவை நீல ஒளிக்கு அதிகம் அசைந்து கொடுக்கும்.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். அறைக்குள் விளக்கு வெளிச்சம் பொதுவாக 100 முதல் 500 லக்ஸ். வெளியே வெயிலில் நின்றால் பத்தாயிரத்தில் தொடங்கி ஒரு லட்சம் வரை போகும். நூறு மடங்கு வித்தியாசம் நமக்குத் தெரிவதே இல்லை, ஏனென்றால் கண் தன்னைச் சரிசெய்துகொண்டுவிடுகிறது. கடிகாரத்துக்குத் தெரியும். பேருந்துக்காகக் காத்திருந்த கால் மணி நேரம், விடுதியிலிருந்து மருத்துவமனைக்கு நடந்த தூரம் என்று யாரும் கவனிக்காமல் நடந்துகொண்டிருந்த திருத்தம் ஊரடங்கில் ஒரேயடியாக நின்றுபோனது. பகலில் மங்கலில் இருந்தவர்களுக்கு மாலை வெளிச்சம் இன்னும் பலமாகத் தாக்குகிறது என்பதும் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. திரையில் நான்கு மணி நேரம் மின்னூல் படித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் படித்தபோது இருந்ததைவிட இரவாகிவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் ஹார்மோனான மெலடோனின் சுரக்கும் வேளை சுமார் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது என்று 2015இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பன்னிரண்டு பேரிடம் செய்த சிறிய ஆய்வுதான், ஆனால் போகும் திசை தெளிவு.

அதே கென்னத் ரைட் 2013இல் எட்டுப் பேரை ஒரு வாரம் மலையில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். மின்விளக்கு கிடையாது, சூரியனும் நெருப்பும் மட்டுமே. ஒரே வாரத்தில் அவர்களுடைய கடிகாரங்கள் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னே வந்துவிட்டன. ஊரடங்கு இந்தச் சோதனையை அப்படியே தலைகீழாகச் செய்தது.

அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதற்கு முன்பே ஒரு சாட்சியம் உண்டு. செவ்வாய்ப் பயணத்துக்கு ஒத்திகையாக 2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை ஆறு பேர் மாஸ்கோவில் ஒரு மூடிய கலத்துக்குள் 520 நாள் வாழ்ந்தார்கள். பொறுக்கி எடுத்து, பயிற்சி கொடுத்து அனுப்பப்பட்டவர்கள். அவர்களே மாதங்கள் போகப் போக அசைவது குறைந்து, படுத்துக்கிடப்பது கூடி, பெரும்பாலோர் தூக்கத்திலோ விழிப்பின் கூர்மையிலோ ஏதாவது ஒரு குறைக்கு ஆளானார்கள். ஒருவருடைய நாள் 25 மணி நேரமாகவே நீண்டுபோனது. இருபது வயதுப் பிள்ளைகள் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் ஒரு நாள் அறிவிப்பில் உள்ளே போனார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

அப்புறம் அந்தப் படுக்கை. ஓர் அறைதான் இருக்கிறது என்றால் கட்டில்தான் வகுப்பு, நூலகம், தேர்வறை, செய்தி பார்க்கும் இடம் எல்லாமே. வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு நடுங்கியதும் அங்கேதான், இறந்தவர் எண்ணிக்கையைப் பார்த்ததும் அங்கேதான். மூளை இடத்தையும் நிலையையும் முடிச்சுப் போட்டுக் கற்றுக்கொள்ளும். கட்டில் என்றால் விழிப்பு, கட்டில் என்றால் கவலை என்று அது கற்றுக்கொண்டபின், நாற்காலியில் சொக்கிக்கொண்டிருந்தவருக்குப் படுத்த நொடியில் தூக்கம் கலைந்துபோகும். 1972இலேயே உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் இதைக் கவனித்து, தூக்கம் வராவிட்டால் எழுந்து போய்விடுங்கள், கண் சொக்கினால் மட்டும் திரும்பி வாருங்கள் என்று ஒரு சிகிச்சைமுறையே வகுத்தார்.

மருத்துவ மாணவர்களுக்குச் சுமை இன்னொரு பக்கமும் இருந்தது. ஆக்சிஜன் அளவு இறங்குவது என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். வீட்டில் எல்லாரும் அவர்களிடம்தான் கேட்டார்கள், ஆனால் வார்டில் நின்று எதையும் செய்யும் நிலையில் அவர்கள் இல்லை. நோயாளியைத் தொடாமலே மருத்துவராகிவிடுவோமோ என்ற பயம், தள்ளிக்கொண்டே போன தேர்வுகள். ஆனாலும் எல்லாப் பழியையும் ஊரடங்கின் மேல் போட முடியாது. 2016இல், 47 நாடுகளைச் சேர்ந்த 195 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, மருத்துவ மாணவர்களில் சுமார் 27 சதவீதத்தினரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன. பெருந்தொற்றுக்கு நான்கு ஆண்டு முன்பே இந்த நிலை.

கெட்ட தூக்கம் மனத்தை எப்படித் தொடுகிறது? அச்சத்தையும் ஆபத்தையும் எடைபோடும் அமிக்டலாவை, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி பிடித்து நிறுத்தி வைக்கிறது. 2007இல் நடந்த ஒரு சோதனையில், ஓர் இரவு முழுக்கத் தூங்காதவர்களிடம் வேதனை தரும் படங்களைக் காட்டியபோது, அமிக்டலா மற்றவர்களைவிட 60 சதவீதம் அதிகமாகக் கொதித்தது, முன்மூளையுடன் அதன் பிடிப்பும் தளர்ந்திருந்தது. அது முழு இரவு விழிப்பு, அரைகுறைத் தூக்கத்துக்கு அதே எண்ணைப் பொருத்த முடியாது. ஆனால் மூன்று மணிக்குத் தூங்கி எட்டு மணி வகுப்புக்கு எழும் மாணவி எதை இழக்கிறாள் என்று பாருங்கள். கனவுகள் நிறைந்த ரெம் தூக்கம் பெரும்பாலும் இரவின் பிற்பகுதியில்தான் வருகிறது. அவள் அலாரம் வெட்டுவது அதைத்தான். உணர்ச்சி மிகுந்த நினைவுகளின் சூடு ஆறுவதில் ரெமுக்குப் பங்கு உண்டு என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கவலை தூக்கத்தைக் கெடுக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். தூக்கமின்மை தனியாகவே மனச்சோர்வைக் கொண்டுவரும் என்பதுதான் பலர் அறியாதது. தூக்கமின்மை உள்ளவர்களுக்குப் பின்னால் மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் இரு மடங்கு என்று நீண்டகால ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று 2011இல் காட்டியது. மறுபக்கம் நல்ல செய்தியும் உண்டு. பிரிட்டனில் 26 பல்கலைக்கழகங்களின் 3,755 மாணவர்களைக் கொண்டு நடந்த ஒரு பெரிய சோதனையில், தூக்கத்துக்கான உளவியல் சிகிச்சையை இணையம் வழியாகவே கொடுத்தார்கள். தூக்கம் மட்டுமா சரியானது? மனச்சோர்வும் பதற்றமும் அதனோடு சேர்ந்து குறைந்தன. ஒரே நேரத்தில் எழுவது, எழுந்ததும் வெளியே வெளிச்சத்தில் சிறிது நேரம் நிற்பது, கட்டிலைத் தூக்கத்துக்கு மட்டும் விடுவது என்ற எளிய பழக்கங்களுக்குப் பின்னால் இவ்வளவு அறிவியல் இருக்கிறது. எட்டு மணி நேரம் தூங்கு என்று மட்டும் சொல்லி அனுப்பியது போதாது.

மருத்துவ மாணவர்களைப் பற்றிய அந்த 2016 தொகுப்பில் என்னை மிகவும் உறுத்திய எண் வேறொன்று. மனச்சோர்வு அறிகுறி தெரிந்த மாணவர்களில் சிகிச்சை தேடிப் போனவர்கள் சுமார் 16 சதவீதம்தான். நாளை நோயாளியிடம் இதே அறிகுறிகளை விசாரிக்கப் போகிறவர்கள் இவர்கள். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 படிவத்தில் மூன்றாவது கேள்வி தூக்கத்தைப் பற்றியது, ஒன்பதாவது சாகலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. "தூக்கமே வரல" என்று ஒரு மாணவரோ மாணவியோ சொல்ல வந்தால், கேட்பவர் மூன்றோடு நிற்காமல் ஒன்பது வரை கேட்டுவிட வேண்டும்.