புகைபோக்கியில் எட்டு மணி நேரம்

குப்பை எரியாலைப் புகையில் உள்ள தூசு, கார்பன் மோனாக்சைடு போன்றவற்றைப் புகைபோக்கியில் பொருத்திய கருவிகளே இடைவிடாமல் காட்டிவிடும். குப்பை எரியும்போது உருவாகும் கொடிய நஞ்சான டையாக்ஸின் அப்படிச் சிக்காது. ஐரோப்பிய ஒன்றியம் வெகுகாலம் வைத்திருந்த வரம்பு, ஒரு கன மீட்டருக்கு 0.1 நானோகிராம். ஒரு கிராமை ஆயிரம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு! இத்தனை கொஞ்சத்தைப் பிடிக்க 6 முதல் 8 மணி நேரம் புகையை உறிஞ்சிச் சேர்க்க வேண்டும்.

உறிஞ்சுவதிலும் சூட்சுமம் உண்டு. புகை ஓடும் அதே வேகத்தில்தான் குழாய் அதை இழுக்க வேண்டும். வேகம் கூடினால் பக்கத்து வாயு வளைந்து உள்ளே வரும். கனமான துகளோ சந்தில் திரும்ப முடியாத லாரி மாதிரி நேரே போய்விடும். அதில் ஒட்டிய டையாக்ஸினும் கணக்கில் விடுபடும். உள்ளே வந்த துகளை வடிகட்டியும், ஆவியாக இருப்பதைக் குளிரவைத்தபின் ஒரு பிசினும் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் ஆய்வகம். இந்தக் குடும்பத்தில் 210 சேர்மங்கள். கணக்கில் வருபவை 17. எல்லாமே ஒரே அளவு நஞ்சல்ல. மிகக் கொடியதற்கு 1 மதிப்பெண் என்றால், எட்டு குளோரின் அணுக்கள் கொண்ட டையாக்ஸினுக்கு உலக சுகாதார அமைப்பு 2005இல் தந்தது 0.0003. மூலக்கூறுகளை எடையால் இனம் காணும் நிறைநிரல்மானி ஒவ்வொன்றையும் அளந்து தர, மதிப்பெண்ணால் பெருக்கிக் கூட்டுகிறார்கள். எனக்குப் பிடித்தது இன்னொரு சோதனை: மின்மினியின் ஒளிரும் மரபணுவைப் புகுத்திய எலிக் கல்லீரல் செல்கள். டையாக்ஸின் போலச் செயல்படும் எது பட்டாலும் ஒளிரும், அந்த 17இல் இல்லாதது உட்பட.

சரி, எப்போது அளக்கிறோம்? ஆண்டுக்கு இரு முறை, எட்டெட்டு மணி நேரம் என்றால், 8,760 மணியில் வெறும் 16. அதுவும் உலை சீராக எரியும் நாளில். நஞ்சு பெருகுவதோ உலையைப் பற்றவைக்கும்போதும் எரிதல் தடுமாறும்போதும். 1998இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் ஓர் எரியாலையில் இரண்டு வாரம் தொடர்ந்து மாதிரி எடுத்தார்கள். ஆறு மணி நேர அளவீடு காட்டியதைப் போல 30 முதல் 50 மடங்கு வந்தது.

அதன்பின் பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் வாரக்கணக்கில் மாதிரி எடுப்பது வழக்கமானது. 2019இல் ஐரோப்பிய ஒன்றியமும் நீண்டகால மாதிரியை விதியாக்கியது. ஆனால் வெளியேற்றம் நிலையாக இருப்பதாக நிரூபித்த ஆலைக்கு விலக்கு உண்டு. அதற்குப் பழையபடி ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும்.