கௌபாய் குளித்து எத்தனை நாளாகிறது?

கௌபாய் காதல் நாவல்களில் நாயகன் முதன்முதலாக நாயகிக்கு அருகில் வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. பெரும்பாலும் மழை பெய்துகொண்டிருக்கும். குதிரையை லாயத்தில் கட்டிவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பான். தோல் சேணத்தின் வாசனையும் விறகுப் புகையும் கொஞ்சம் பைன் மர வாசமும் அவன்மேல் வீசும். இப்படி ஐம்பது நாவல்களாவது படித்திருப்பேன். அவன் குளித்து எத்தனை நாளாகிறது என்று ஒன்றுகூடச் சொன்னதில்லை.

1870களில் டெக்சாஸிலிருந்து கான்சாஸுக்கு மாடு ஓட்டிப்போக இரண்டு, மூன்று மாதம் ஆகும். அத்தனை நாளும் புழுதி, வியர்வை, தரையில் படுக்கை. ஊர் வந்து கூலி கைக்குக் கிடைத்ததும் அவர்கள் தேடிப்போனவற்றில் முடிதிருத்தும் கடையும் வெந்நீர்த் தொட்டியும் முக்கியமானவை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், அடுத்த நாவலைத் திறந்தால் பைன் மர வாசம்தான் வருகிறது. கூடவே, அந்தக் காலத்தில் பிறந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கமும். போகாத ஊருக்கு வழி தேடுவது இருக்கட்டும், வாழாத காலத்தை நினைத்து மனம் எப்படி ஏங்குகிறது?

பழைய நினைவுகளால் வரும் ஏக்கத்துக்கு நாஸ்டால்ஜியா என்று பெயர் வைத்தவர் ஜோகன்னஸ் ஹோஃபர். 1688ல், பாஸல் நகரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த 19 வயது மாணவர். வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்தார். சொந்த ஊரை விட்டுப் பிரிந்து வாடியவர்களுக்கு வந்த நோய் அது என்பது அவர் முடிவு. மருந்து? ஊருக்கு அனுப்பிவிடுவதுதான். இன்று அதை யாரும் நோய் என்று சொல்வதில்லை. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் கான்ஸ்டன்டைன் செடிகிடிஸும் டிம் வைல்ட்ஷுட்டும் 2006 முதல் வெளியிட்ட ஆய்வுகளின்படி, மனம் சோர்ந்திருக்கும்போதும் தனிமையிலும்தான் அது அதிகம் எட்டிப்பார்க்கிறது. வந்தபின் மனதுக்குத் தெம்பும் தருகிறது.

ஆனால் அது நாம் வாழ்ந்த நாட்களைப் பற்றிய ஏக்கம். பிறப்பதற்கு முந்தைய காலத்தின் மேல் வரும் ஏக்கத்தை விளம்பரங்களை ஆராய்ந்த பார்பரா ஸ்டெர்ன் 1992ல் தனியாகப் பிரித்தார். வரலாற்று ஏக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு ஹோஃபரின் மருந்து பலிக்காது. ரயிலேற்றித் திருப்பி அனுப்ப ஊர் எதுவும் இல்லை.

ஊரே இல்லையென்றால் அந்தக் காட்சி தலைக்குள் எங்கிருந்து வருகிறது? 2007ல் லண்டனில் ஓர் ஆய்வு நடந்தது. செய்தவர்களில் ஒருவர் டெமிஸ் ஹசாபிஸ். பின்னாளில் செயற்கை நுண்ணறிவில் பெயர் பெற்று 2024ல் வேதியியல் நோபல் வாங்கியவரேதான். அப்போது அவர் எலினார் மகுவயரிடம் ஆய்வு மாணவர். மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி பழுதாகி, நடந்ததை நினைவில் வைக்க முடியாமல் போன ஐந்து பேரை அழைத்தார்கள். பழசை எதையும் கேட்கவில்லை. வெள்ளை மணல் கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்யுங்கள், என்ன தெரிகிறது என்றுதான் கேட்டார்கள். ஐவரில் நால்வரால் அது முடியவில்லை. நீல வானம், மணல் என்று துண்டு துண்டாகச் சொன்னார்களே தவிர, அவை சேர்ந்து ஓர் இடமாகவில்லை. நினைவை இழந்தவர்கள் கற்பனையையும் இழந்திருந்தார்கள். (இந்த முடிவை எல்லா ஆய்வுக்குழுக்களும் ஏற்றுக்கொண்டதில்லை. சண்டை இன்னும் முடியவில்லை.)

இதிலிருந்து பலர் எடுத்துக்கொண்ட பாடம் இது. நினைவு என்பது பெட்டிக்குள் மடித்துவைத்த பட்டுப்புடவை கிடையாது. ஒவ்வொரு தடவையும் துண்டுத்துணிகளை எடுத்துப் புதிதாகத் தைப்பது. போன தீபாவளியைத் தைக்கிற அதே தையல்காரர்தான் 1874ன் வயோமிங்கையும் தைக்கிறார். ஆகவே இரண்டும் தொட்டுப்பார்த்தால் ஒரே மாதிரி இருக்கின்றன. வாழாத காலத்தின் மேல் வரும் ஏக்கம் பொய் போலத் தோன்றாததற்கு இது ஒரு காரணம்.

துணி வேண்டுமே, அதைக் கொடுப்பது நாவல். 2006ல் ஸ்பெயினில் ஓர் ஆய்வு. பூண்டு, லவங்கப்பட்டை மாதிரி வாசனையுள்ள பொருட்களின் பெயர்களைப் படித்தவர்களின் மூளையில் மொழிப்பகுதியோடு வாசனையை உணரும் பகுதியும் விழித்துக்கொண்டது. 2009ல் ஜெஃப்ரி சாக்ஸின் குழு கதை படிப்பவர்களைப் படமெடுத்துப் பார்த்தது. பாத்திரம் ஒரு பொருளைக் கையில் எடுக்கும் வரி வந்தபோது, படிப்பவரின் மூளையில் கையசைவோடு தொடர்புடைய பகுதி வேலை செய்தது. அவன் லகானைப் பிடித்தால் நமக்கும் கொஞ்சம் கை முறுகுகிறது என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் படிக்காத சொல்லுக்கு மூக்கு விழிக்காது. பைன் என்று எழுதினால் பைன் மணக்கும். பேன் என்று எழுதாவிட்டால் அது கடிக்காது.

இதில் துணியின் தரமெல்லாம் பெரிய விஷயமே இல்லை. என் தலைக்குள் இருக்கும் டெக்சாஸின் பெரும்பகுதி சிறுவயதில் படித்த, சிவகாசியில் அச்சான காமிக்ஸ்களிலிருந்து வந்தது. அவற்றில் நான் அதிகம் படித்தவற்றை வரைந்தவர்கள் இத்தாலியர்கள். அந்த மலையும் பாலைவனமும் எவ்வளவு தூரம் நிஜம் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

ஏன் யோசிக்கவில்லை என்பதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. மெலனி கிரீனும் திமோத்தி பிராக்கும் 2000ல் செய்தது. ஒரு கதையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். பிறகு, இதில் எந்த இடம் பொய்யாகத் தோன்றுகிறதோ அதை வட்டமிடுங்கள் என்றார்கள். பொய் சொன்னால் மூக்கு நீளும் மரப்பொம்மை பினோக்கியோவின் பெயரை இந்த வேலைக்கு வைத்திருந்தார்கள். கதைக்குள் ஆழமாகப் போனவர்கள் போட்ட வட்டங்கள் குறைவு. கவனம், உணர்ச்சி, மனக்காட்சி மூன்றும் ஒரே பக்கம் போய்விட்டால், தள்ளி நின்று கணக்குப் பார்க்க ஆள் மிஞ்சுவதில்லை. இரவு பதினொன்றரைக்கு நாயகன் வாசலில் நிற்கும்போது, இவன் பல் விளக்கினானா என்று யார் கேட்பது?

சரி, பகலில் கேட்போம்.

1865ல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சாஸில் லட்சக்கணக்கான நீள்கொம்பு மாடுகள் திரிந்தன. அங்கே ஒரு மாடு 4 டாலர் போனால் பெரிது. வடக்கே அதே மாடு 40 டாலர். ஜோசப் மெக்காய் என்ற வியாபாரி 1867ல் கான்சாஸின் அபிலீனில் ரயில் பாதையை ஒட்டிப் பட்டிகள் கட்டினார். அவ்வளவுதான், கௌபாய்க்கு வேலை பிறந்துவிட்டது. இரண்டாயிரம், மூவாயிரம் மாடுகளுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆட்கள். நாளுக்கு 15 முதல் 25 கிலோமீட்டர். மாதக் கூலி சுமார் 30 டாலர். மந்தைக்குப் பின்னால் வருபவன் நாள் முழுக்கப் புழுதியைத்தான் சாப்பிட வேண்டும், புதிதாகச் சேர்ந்தவனுக்கு அந்த இடம்.

அவர்கள் யார்? நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மெக்சிகர்கள் பலர். தொழிலே அவர்களுடையதுதான். ராஞ்ச் (மாட்டுப் பண்ணை), ரோடியோ (மாடு, குதிரை அடக்கும் போட்டி), லாஸோ (சுருக்குக் கயிறு) எல்லாம் ஸ்பானியத்திலிருந்து வந்த சொற்கள். நாவலின் அட்டையில் இவர்களைத் தேடினால் கிடைப்பது அரிது. மந்தைகள் மேய்ந்து போன நிலம் பூர்வகுடிகளுடையது. சில இடங்களில் அவர்கள் தலைக்கு இவ்வளவு என்று மாட்டுக்குச் சுங்கம் வாங்கினார்கள், அதுவும் நாவலில் இருக்காது.

துப்பாக்கிச் சண்டை? வரலாற்றாசிரியர் ராபர்ட் டைக்ஸ்ட்ரா கான்சாஸின் ஐந்து மாட்டுச்சந்தை ஊர்களில் 1870 முதல் 1885 வரை நடந்த கொலைகளை எண்ணினார். மொத்தம் 45. நிஜத்தில் கௌபாய்கள் செத்தது ஆற்றைக் கடக்கையில் மூழ்கி, மின்னல் தாக்கி, மந்தை மிரண்டு மிதித்து, அங்கவடியில் கால் மாட்டிக்கொண்டு குதிரை இழுத்துப்போய். இந்தக் கடைசிச் சாவு நாயகனுக்கு வரவே வராது.

நாவலில் விட்டுப்போன நல்லதும் உண்டு. இரவுக் காவலில் இருப்பவர்கள் மந்தையைச் சுற்றிச் சுற்றி வந்து மெல்லப் பாடுவார்கள். மனிதக் குரல் தொடர்ந்து கேட்டால் மாடுகள் திடீரென்று மிரளாது. சமையல்காரர் தூங்கப்போகும் முன் வண்டியின் ஏர்க்காலைத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத் திருப்பிவைப்பார், விடிந்ததும் வடக்கு எது என்று தெரிய. எனக்கென்னவோ மழையில் நிற்கும் நாயகனைவிட இந்தச் சமையல்காரர்மேல்தான் இப்போதெல்லாம் பிரியம்.

பிறகு 1874ல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். திறந்த புல்வெளி வேலிக்குள் போனது. ரயில் தெற்கே இறங்கி வந்தது. 1886-87 குளிர்காலத்தில் வடக்குச் சமவெளியில் மாடுகள் கூட்டம் கூட்டமாக உறைந்து செத்தன. ஆக, இத்தனை நாவல்களுக்கும் மூலமான அந்தக் காலம் ஏறக்குறைய இருபது வருடம். ஒரு பிள்ளை பிறந்து கல்லூரி முடிக்கும் நேரம்.

இவ்வளவு தெரிந்த பிறகும் ஏக்கம் ஏன் குறைவதில்லை? யாகோவ் ட்ரோப், நிரா லிபர்மன் என்ற உளவியலாளர்களின் தூரக் கோட்பாடு இங்கே உதவும். அடுத்த வருடம் கல்யாணம் என்றால் சந்தோஷம், சொந்தபந்தம், மேளச்சத்தம் என்று நினைப்போம். நாளைக்குக் கல்யாணம் என்றால் ரவிக்கை தைத்து வந்ததா, வேன் எத்தனை மணிக்கு என்று நினைப்போம். தூரத்தில் இருப்பதன் சாரம்தான் மனதில் நிற்கும், சில்லறை உதிர்ந்துவிடும். 150 வருடத் தூரத்தில் வெறும் சுதந்திரம், வெளி, நேர்மை என்று மூன்று சொற்கள் மிஞ்சுகின்றன. நம் காலத்தையோ ரவிக்கையும் வேனுமாகப் பார்க்கிறோம். போட்டியே நியாயமில்லாதது.

இந்த வகைக் கதை எப்படித் தொடங்கியது என்று பார்த்தால் இன்னொரு வேடிக்கை. பிலடெல்ஃபியாவில் சைலஸ் வெயர் மிட்செல் என்று பேர்பெற்ற நரம்பு மருத்துவர் இருந்தார். மனம் தளர்ந்து வரும் பெண்களுக்கு அவர் தந்தது ஓய்வுச் சிகிச்சை. வாரக்கணக்கில் படுக்கை, கொழுப்பான சாப்பாடு, படிக்கவும் எழுதவும் தடை. 1887ல் இதற்கு ஆளான எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன், பேனாவையே தொடாதே என்று சொல்லப்பட்டதைப் பின்னர் எழுதியிருக்கிறார். கிட்டத்தட்டப் பைத்தியத்தின் விளிம்புவரை போய்த் திரும்பியவர் அவர். அதே மருத்துவர், அதே மாதிரி தளர்ந்து வந்த ஆண்களில் சிலருக்கு வேறு சீட்டு எழுதினார். மேற்கே போ, குதிரை ஏறு, வெட்டவெளியில் தூங்கு.

அப்படி 1885ல் வயோமிங்குக்கு அனுப்பப்பட்டவர் ஓவன் விஸ்டர், ஹார்வர்டில் படித்த பணக்கார வீட்டுப் பிள்ளை. உடம்பு தேறித் திரும்பினார், மறுபடி மறுபடி போனார். 1902ல் அவர் எழுதிய நாவலில்தான் பேச்சுக் குறைந்த கௌபாயும் கிழக்கிலிருந்து வரும் பள்ளி ஆசிரியையும் காதலிக்கிறார்கள். இன்றைய கௌபாய் காதல் கதையின் அச்சு அங்கே விழுந்துவிட்டது. அதன் முன்னுரையிலேயே, இந்தக் குதிரைக்காரன் போய்விட்டான், இனி வரமாட்டான் என்று அவர் துக்கம் கொண்டாடுகிறார். நாம் ஏங்கும் காலம், முதல் பக்கத்திலேயே இன்னொருவரின் ஏக்கமாகத்தான் நமக்குக் கிடைத்தது.

பெண்களுக்குப் புத்தகத்தைத் தடை செய்த மருத்துவரின் ஊர்ச்சீட்டிலிருந்து கிளம்பிய இந்தக் கதைவகையை இன்று விடாமல் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் வாசகிகள். ஜானிஸ் ராட்வே அமெரிக்காவில் ஓர் ஊரில் காதல் நாவல் வாசகிகளிடம் உட்கார்ந்து பேசி 1984ல் ஒரு நூல் வெளியிட்டார். கதையில் என்ன பிடிக்கிறது என்று கேட்டவருக்கு, படிக்கும் நேரம் பிடிக்கிறது என்ற பதிலும் கிடைத்தது. புத்தகத்தைப் பிடித்திருக்கும்வரை சமையல், பிள்ளைகள், கணவர் எல்லாம் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அப்புறம், அவர்களுக்குப் பிடித்த நாயகன் வெளியே முரடு, உள்ளே தாய்போலக் கவனிப்பவன். நாள் முழுக்க எல்லோரையும் கவனித்துவிட்டு வருபவரை ஒருவன் கவனிக்கிறான். அதற்கு 1874 தேவையில்லைதான். ஆனால் கைப்பேசி அடிக்காத இடமாக அது இருக்கிறது.

நிஜமாகவே அந்தத் தடத்தில் மாடு ஓட்டிய ஒருவரின் கதையும் நம்மிடம் உண்டு. நாட் லவ், டென்னசியில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பின் மேற்கே போய்க் கௌபாய் ஆனார். தடங்கள் மூடிய பிறகு 1890 வாக்கில் ரயிலில் தூங்கும் பெட்டிகளில் பயணிகளைக் கவனிக்கும் பணியாளராகச் சேர்ந்தார். 1907ல் தன் வரலாற்றை வெளியிட்டார். உடம்பில் பதினான்கு குண்டுக்காயங்கள் என்கிறார், ஒன்றாலும் முடமாகவில்லையாம். வரலாற்றாசிரியர்கள் அந்த நூலில் பல இடங்களில் வட்டம் போட்டிருக்கிறார்கள். மற்றவர்களின் படுக்கையை விரித்துக்கொடுத்தபடி ரயிலில் போய்க்கொண்டிருந்த அவர், ஜன்னலுக்கு வெளியே அதே சமவெளியைப் பார்த்திருப்பார். அதில் இப்போது முள்கம்பி ஓடிக்கொண்டிருந்தது.