மாரத்தான்: சோம்பு முளைத்த ஊர்

தருமபுரி பேருந்து நிலையம் பக்கம் ஒரு பேனர். 'மாபெரும் மினி மாரத்தான், 5 கி.மீ.' மாபெரும், மினி இரண்டும் ஒரே வரியில் எப்படி நிற்கின்றன என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, கூட வந்த அக்கா மகன் கேட்டான்: "மாமா, மாரத்தான்னா மரத்துக்கும் அதுக்கும் ஏதாச்சும் சம்பந்தமா?" சிரித்துவிட்டேன். ஆனால் பையன் ரொம்பத் தள்ளிப் போய்விடவில்லை. மரம் இல்லை, செடி.

மாரத்தான் என்பது கிரேக்க நாட்டில் ஏதென்ஸ் பக்கம் உள்ள ஓர் ஊர். பழைய கிரேக்கத்தில் 'மாரத்தோன்' என்றால் சோம்பு, நாம் பிரியாணிக்குத் தாளிக்கிற அதே பெருஞ்சீரகம். அந்தச் செடி மண்டிக் கிடந்ததால் வந்த பெயர் என்கிறார்கள், நம் பக்கம் வேப்பம்பட்டி, புளியம்பட்டி இல்லையா, அந்த மாதிரி. ஆக, சொல்லுக்குள் ஓட்டமும் இல்லை, தூரமும் இல்லை. அப்படியே தமிழாக்கினால் 'சோம்பூர் ஓட்டம்' என்று வரும், சோம்பேறிகளுக்கான பந்தயம் என்று நினைத்துவிடுவார்கள்.

கி.மு. 490இல் அங்கே பாரசீகப் படை தோற்றது. அந்தச் செய்தியை ஏதென்ஸுக்கு ஓடிவந்து சொல்லிவிட்டு ஒரு வீரன் செத்து விழுந்தான் என்பது பிற்காலத்தார் சொன்ன கதை. போரைப் பற்றி எழுதிய ஹெரோடோட்டஸிடம் அது கிடையாது, உதவி கேட்டு ஸ்பார்ட்டாவுக்கு ஓடியவனைத்தான் அவர் சொல்கிறார். கதையோ நிஜமோ, 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அந்த ஊரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் ஓடவிட்டார்கள். உள்ளூர்க்காரர் ஸ்பிரிடோன் லூயிஸ் ஜெயித்தார், அன்றிலிருந்து ஊர்ப்பெயர் பந்தயத்தின் பெயராகிவிட்டது.

இன்றைய மாரத்தானின் 42.195 கிலோமீட்டர் கணக்கு வந்தது 1908 லண்டன் ஒலிம்பிக்கில். வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி, அரங்கில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடிகிற மாதிரி பாதை போட்டார்கள். இத்தாலிக்காரர் டொராண்டோ பியெட்ரி முதல் ஆளாக அரங்குக்குள் வந்தார், தலை சுற்றித் தப்புப் பக்கம் திரும்பினார், விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். பார்க்கப் பொறுக்காமல் அதிகாரிகளே தூக்கிவிட்டார்கள், அதனாலேயே தகுதி போனது. தங்கம் அமெரிக்காவின் ஜானி ஹேய்ஸுக்கு. அரசி அலெக்சாண்ட்ரா மறுநாள் பியெட்ரிக்குத் தனியாக ஒரு வெள்ளிக் கோப்பை கொடுத்தார். ஜெயித்தவர் பெயரைவிட விழுந்தவர் பெயர்தான் இன்றும் நினைவில் இருக்கிறது. அந்தத் தூரத்தை 1921இல் நிரந்தரமாக்கினார்கள்.

எவ்வளவு தூரம் என்றால், தருமபுரியில் புறப்பட்டால் காவேரிப்பட்டணம் தாண்டி, கிருஷ்ணகிரியை நெருங்கிவிடலாம். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960இல் ரோமில் அதை வெறுங்காலோடு 2 மணி 15 நிமிடத்தில் ஓடினார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நெடுந்தொலைவு ஓட்டம்' நல்ல சொல்தான், ஆனால் 10,000 மீட்டரும் அதற்குள் அடங்கும். அதனால் 42.195க்கு மட்டும் 'மாரத்தான் ஓட்டம்' என்றே வைத்துக்கொள்ளலாம், ஊர்ப்பெயரை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. 'மாரத்தான் பேச்சுவார்த்தை' என்று செய்தியில் வந்தால் 'நெடுநேரப் பேச்சுவார்த்தை' போதும். 'வாக்கத்தான்' மட்டும் வேண்டவே வேண்டாம்: ஊர்ப்பெயரின் வாலை வெட்டி ஒட்டிய சொல் அது, 'நடைப்பயணம்' நம்மிடம் இருக்கிறது. அந்த 5 கிலோமீட்டர் பேனருக்கு வெறும் 'ஓட்டப் பந்தயம்' போதும், 'மாபெரும்' வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளட்டும்.